முழங்கால் வலி இருக்குற அம்மாவ கூட்டிட்டு போர்ச்சுகல் போய்ட்டு வந்தோம், முழு ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடுறேன். வயசான அம்மா அப்பாவ ஐரோப்பா கூட்டிட்டு போகணும், எந்த நாடுன்னு தெரியாம குழம்பிட்டு இருக்கீங்கன்னா தாராளமா போர்ச்சுகல் போங்க, ஆனா நெட்ல சுத்திட்டு இருக்குற "லிஸ்பன்ல 3 நாள்" பிளான அப்படியே எடுத்துட்டு போகாதீங்க. அதெல்லாம் 25 வயசு காலுக்கு போட்ட பிளான். எங்க அம்மாவுக்கு 67 வயசு, ரெண்டு முழங்கால்லயும் தேய்மானம், சமதரைன்னா ஒரு மணி நேரம் கூட நடப்பாங்க, படி ஏறுறத விட எறங்குறதுதான் அவங்களுக்கு உயிர் போகும். அதோட சுத்த சைவம், கேக்ல முட்டை இருந்தா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இத ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு மே மாசம் லிஸ்பன்ல 5 ராத்திரி போர்ட்டோல 3 ராத்திரி தங்கினோம், எது அம்மாவுக்கு ஒத்து வந்துச்சு எது வரலன்னு இருக்குறத அப்படியே எழுதுறேன், யாராவது ஒருத்தருக்கு பிரயோஜனப்பட்டா போதும்.

லிஸ்பன் ஏழு குன்று மேல இருக்குற ஊருன்னு எல்லாரும் எழுதுவாங்க, இறங்கின மொத நாளே அது கால்ல தெரிஞ்சிடும். மேடு கூட பரவால்ல, தரைதான் பிரச்சனை. நடைபாதை முழுக்க சின்ன சின்னதா வெட்டின சுண்ணாம்புக்கல்லு, நடுவுல கறுப்புக்கல்லு வச்சு அலை மாதிரி கொடி மாதிரி டிசைன், கால்சாடான்னு பேரு. அவ்ளோ அழகு, குனிஞ்சு பாத்துட்டே நடக்கலாம், ஆனா காலங்காலமா ஜனங்க நடந்து நடந்து கல்லெல்லாம் வழவழன்னு தேஞ்சு கெடக்கு, லேசா தூறல் போட்டா போதும் வழுக்குது. அம்மாவுக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே நல்ல ரப்பர் சோல் ஷூ ஒண்ணு வாங்கி ரெண்டு வாரம் போட்டு பழக வச்சிருந்தேன், இந்த டிரிப்ல நான் பண்ணின உருப்படியான காரியம் அதுதான்னு நெனைக்கிறேன். செருப்பு போட்டு போற ஐடியாவ மறந்துடுங்க.

தங்குற எடம் பைஷாங்கிற ஏரியால பாருங்க. ஊர்லயே சமதரை அதுதான், ரோடெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர் நேரா இருக்கும், ஏன்னா 1755 நவம்பர் 1ம் தேதி வந்த பூகம்பத்துல அந்த ஏரியா மொத்தமும் போயிடுச்சு, அன்னிக்கு சர்ச்ல பெரிய திருநாள், எல்லா எடத்துலயும் மெழுகுவர்த்தி எரிஞ்சிட்டு இருந்திருக்கு, கட்டடம் விழுந்து தீ பிடிச்சு, ஆத்துப்பக்கம் ஓடினவங்கள சுனாமி அடிச்சிட்டு போயிருக்கு. அதுக்கப்புறம் பொம்பால்ங்கிற மந்திரி பொறுப்பெடுத்து புதுசா பிளான் போட்டு கட்டின பகுதிதான் பைஷா. ரூம் புக் பண்றப்ப லிஃப்ட் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, லிஃப்ட் நம்ம மாடி வரைக்கும் வருமா, கீழ வாசல்ல எத்தன படின்னு கேளுங்க. எங்களுக்கு ரூம் குடுத்தவங்க லிஃப்ட் இருக்குன்னாங்க, இருந்துச்சு, ஆனா அது ஆரம்பிக்கிற எடத்துக்கே 14 படி ஏறணும். அஞ்சு நாளும் அம்மா அந்த 14 படிய கைப்பிடிய பிடிச்சிட்டு பக்கவாட்டுல எறங்குறத பாக்க எனக்கு மனசே ஆறல. அப்புறம் டூரிஸ்ட் வரின்னு ஒண்ணு இருக்கு, லிஸ்பன்ல ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 4 யூரோ, போர்ட்டோல 3 யூரோ, எங்க ரெண்டு பேருக்கும் மொத்தம் 58 யூரோ ஆச்சு, ரூம் வாடகைய பாக்குறப்ப இதையும் கூட்டிக்கோங்க.

மேட்டுல ஏறாம ஏறுறதுக்கு சில வழி இருக்கு, இதுதான் இந்த ரிவ்யூல முக்கியமான பகுதி. பைஷால ருவா தோஸ் ஃபன்கேரோஸ்ங்கிற தெருவுல ஒரு சாதாரண கட்டடம், வெளில பாத்தா கடை மாதிரி இருக்கும், உள்ள மாநகராட்சி லிஃப்ட், ஃப்ரீ. அதுல ஏறினா மேல அடுத்த தெருவுல விடும், அங்கேருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்குற கட்டடம், அதுக்குள்ள இன்னொரு லிஃப்ட், அதுவும் ஃப்ரீ, அது குன்று உச்சில இருக்குற பழைய கோட்டைக்கு போற ரோட்டுக்கு பக்கத்துல கொண்டு விட்டுடும். வழில எல்லாரும் மூச்சு வாங்கிட்டு படி ஏறிட்டு இருக்குறப்ப நாங்க ரெண்டு லிஃப்ட்ல போய் நின்னோம். கோட்டை வாசல் வரைக்கும் போகணும்னா 737ம் நம்பர் குட்டி பஸ் இருக்கு. அதே மாதிரி பைஷால இருந்து ஷியாடோ மேட்டுக்கு போக மெட்ரோ ஸ்டேஷன் உள்ள நீளமான எஸ்கலேட்டர் வரிசையா போகுது, டிரெயின்ல ஏறணும்னு இல்ல, டிக்கெட்டும் வேணாம், ஒரு வாசல்ல நுழைஞ்சு எஸ்கலேட்டர்லயே மேல போய் இன்னொரு வாசல்ல வெளில வந்துடலாம். அப்படி மேல வந்தா கொஞ்ச தூரத்துல கார்மோ கான்வென்ட், கூரை இல்லாத சர்ச், அதே 1755 பூகம்பத்துல விழுந்தத திரும்ப மூடாம விட்டுட்டாங்க, வளைவெல்லாம் மீன் எலும்பு மாதிரி ஆகாசத்த பாத்துட்டு நிக்குது. அங்க ஒரு பெஞ்ச்ல அம்மாவும் நானும் அரை மணி நேரம் உக்காந்திருந்தோம், லிஸ்பன்ல எனக்கு ரொம்ப பிடிச்ச எடத்துல அது ஒண்ணு.

மேட்டுல ஏறுற பழைய மஞ்சள் கேபிள் வண்டிகள நம்பி பிளான் போடாதீங்க. 2025 செப்டம்பர் 3ம் தேதி க்ளோரியா வண்டி கேபிள் விட்டுப்போய் தடம் புரண்டு 16 பேர் இறந்துட்டாங்க, அதுக்கப்புறம் மத்ததையும் சோதனைக்காக நிறுத்தினாங்க, போறதுக்கு முன்னாடி எது ஓடுது எது ஓடலன்னு பாத்துக்கோங்க. 28ம் நம்பர் டிராம் வேற, அது ரோட்டுல ஓடுற டிராம், 1930கள்ல செஞ்ச மரப்பெட்டி, அல்ஃபாமாங்கிற பழைய ஏரியா சந்துக்குள்ள வீட்டு சுவத்துல உரசுற மாதிரி போகும். எல்லாரும் மொத ஸ்டாப் மார்ட்டிம் மொனிஸ்ல வரிசைல நிப்பாங்க, நீங்க அந்தப் பக்கம் கடைசி ஸ்டாப் காம்போ டி ஓரிக் போய் காலைல எட்டு மணிக்கு முன்னாடி ஏறுங்க, உக்காந்துட்டு வரலாம். பத்து மணிக்கு மேல போனா நின்னுட்டேதான் வரணும், கூட்டத்துல பர்ஸ் அடிக்கிறவங்களும் இருக்காங்க, பைய முன்னாடி போட்டுக்கோங்க. பஸ் மெட்ரோ டிராம் எல்லாத்துக்கும் ஒரே கார்டு, 50 சென்ட், அதுல 24 மணி நேர பாஸ் போட்டுக்கிட்டா அம்மா மாதிரி ரெண்டு ஸ்டாப் தூரத்துக்குக்கூட யோசிக்காம ஏறலாம்.

அதே கார்டுல காயிஷ் டு சோத்ரேங்கிற படகுத்துறைல இருந்து படகுல ஆத்துக்கு அக்கரைல இருக்குற காசில்யாஸ் போகலாம். பத்து நிமிஷ பயணம், உள்ளூர் ஜனங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு போற படகு. சாயங்காலம் போங்க. சிவப்பு கலர்ல ஒரு பெரிய தொங்கு பாலம் தெரியும், 1966ல திறந்தப்ப சர்வாதிகாரி சலாசர் பேரு வச்சிருந்தாங்களாம், 1974 ஏப்ரல் 25 புரட்சிக்கு அப்புறம் அந்த தேதியவே பாலத்துக்கு பேரா வச்சிட்டாங்க. காசு வாங்கிட்டு கூட்டிட்டு போற சன்செட் படகெல்லாம் இருக்கு, வேணாம், இந்த படகு போதும். அம்மா போறப்ப ஒரு பக்கம் வர்றப்ப ஒரு பக்கம் மாத்தி மாத்தி உக்காந்து பாத்தாங்க.

இப்ப சாப்பாடு. சைவத்துக்கு போர்ச்சுகல் கஷ்டம்னு பயமுறுத்துவாங்க, பாதிதான் உண்மை. மீன் இல்லாத தெருவே கெடையாது, பக்கலியாவ்னு உப்பு போட்டு காயவச்ச காட் மீன், எதுலயும் இருக்கும், முக்கியமா கண்ணாடி பெட்டில நம்ம போண்டா மாதிரியே பொன்னிறமா ஒண்ணு உக்காந்திருக்கும், உருளைக்கிழங்குதான்னு நெனச்சு எடுத்துடாதீங்க, உள்ள மீன். பச்சையா கீரை சூப் ஒண்ணு தருவாங்க கால்தோ வெர்தேன்னு, அதுல ஒரு துண்டு சாசேஜ் மிதக்கும், அதனால எத ஆர்டர் பண்ணாலும் "செம் கார்னே, செம் பெய்ஷே"ன்னு சொல்லுங்க, கறி வேணாம் மீன் வேணாம்னு அர்த்தம். இதெல்லாம் தாண்டிட்டா அம்மாவுக்கு கிடைச்சதெல்லாம் அருமை. பெய்ஷின்யோஸ் த ஓர்த்தா கேளுங்க, தோட்டத்து குட்டி மீன்னு அர்த்தம், மீனே கெடையாது, பச்சை பீன்ஸ மாவுல தோச்சு பொரிச்சது, பஜ்ஜியேதான். 16ம் நூற்றாண்டுல போர்ச்சுகீஸ்காரங்க ஜப்பானுக்கு கொண்டு போன இந்த மாதிரி பொரிக்கிற முறைதான் அங்க டெம்புரா ஆச்சு. மாவுல முட்டை இருக்கும், அத கேட்டுக்கோங்க, எங்க அம்மா கேக்குக்கு குடுத்த விலக்க இதுக்கும் குடுத்துட்டாங்க. அரோஸ் த தொமாட்டே தக்காளி சாதம், கொஞ்சம் தளர்வா கஞ்சிப் பதத்துல இருக்கும், அத எங்க பாத்தாலும் வாங்கினோம். முடிவுல அரோஸ் டோஸே, அரிசி பாயசத்த கெட்டியா தட்டுல ஊத்தி மேல பட்டைப்பொடில கட்டம் கட்டமா கோலம் மாதிரி போட்டுத் தருவாங்க. அம்மா மொதல்ல போட்டோ எடுத்தாங்க, அப்புறம்தான் ஸ்பூன வச்சாங்க.

காலைல டொராடா, கெட்டியான ரொட்டிய டோஸ்ட் பண்ணி ரெண்டு பக்கமும் வெண்ணெய் வழிய தருவாங்க, கூட பெரிய கிளாஸ்ல கலாவ்ங்கிற பால் காப்பி. தெருமுனை கடைல இது ரெண்டும் சாப்பிட்டா மதியம் வரைக்கும் தாங்கும். சோறு சாம்பார்னு மனசு ஏங்குறப்ப மார்ட்டிம் மொனிஸ் பக்கம் போங்க, நேபாளி, பங்களாதேஷி, இந்தியன் கடைங்க வரிசையா இருக்கு, பருப்பு கிடைக்கும், அரிசி கிடைக்கும். மீன் மார்க்கெட்டுக்கு நடுவுல ஸ்டால் போட்ட பெரிய ஃபுட் கோர்ட்டெல்லாம் அம்மா மாதிரி ஆளுக்கு ஒத்து வராது, வாசனை பிடிக்காது, உக்கார எடமும் கிடைக்காது.

பேஸ்ட்ரிக்கு லிஸ்பன்லயே இருக்குற பெலேம் ஏரியாவுக்கு போகணும். 1837ல இருந்து அதே எடத்துல இருக்குற பாஷ்டெய்ஷ் த பெலேம் கடை, பக்கத்துல இருக்குற ஜெரோனிமோஸ் மடத்துல இருந்து வந்த செய்முறை, இன்னிக்கும் ரகசியம். அந்த நாட்டு மடங்கள்ல முட்டை வெள்ளைக்கருவ துணிக்கு கஞ்சி போடவும் வைன தெளிய வைக்கவும் எடுத்துப்பாங்களாம், மிச்சமான மஞ்சக்கருவுல இருந்துதான் இந்த ஊரு இனிப்பு பாதி பொறந்துச்சு. வாசல்ல நீளமா ஒரு வரிசை நிக்கும், அது பார்சல் வரிசை, பயந்துடாதீங்க, உள்ள போய்ட்டே இருங்க, ரூம் ரூமா நீல டைல்ஸ் ஒட்டின பெரிய ஹால் இருக்கு, உக்காந்து ஆர்டர் பண்ணலாம், எங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல டேபிள் கிடைச்சுது. சூடா வரும், மேல பட்டைப்பொடியும் சக்கரைப்பொடியும் நாமளே தூவிக்கணும். ஓடு மொறுமொறுன்னு உடையும், உள்ள கஸ்டர்டு இனிப்பு கம்மியா லேசா கருகின வாசனையோட. ஆளுக்கு மூணு சாப்பிட்டோம். ஊரெல்லாம் கிடைக்கிறது பாஷ்டெல் த நாட்டா, அதுவும் நல்லாதான் இருக்கு, ஆனா பெலேம்ங்கிற பேரு இந்த ஒரு கடைக்குத்தான். ஒண்ணு மட்டும் கவனம், தௌசின்யோ டோ செயூன்னு ஒரு பாதாம் இனிப்பு பல கடைல இருக்கும், சொர்க்கத்து பன்றிக்கொழுப்புன்னு அர்த்தம், பழைய முறைல பன்றிக்கொழுப்பு சேர்த்துதான் செய்வாங்க, சைவம்னா தொடாதீங்க.

ஜெரோனிமோஸ் மடத்துல உள் முற்றத்துக்கு டிக்கெட், வரிசை வெயில்ல நிக்கும். பக்கத்துல சர்ச்சுக்கு மட்டும் போறதுன்னா டிக்கெட் கெடையாது. உள்ள நுழைஞ்சதும் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமா கல்லறை, இன்னொரு பக்கம் கவிஞர் கமோயிஷ் கல்லறை. வாஸ்கோ ட காமா இறந்தது 1524ல கொச்சில, அங்கயே புதைச்சு அப்புறம் எலும்ப இங்க கொண்டு வந்தாங்க. தூண் ஒவ்வொண்ணும் பனைமரம் மாதிரி மேல போய் விரியுது, கல்லுல கயிறு முடிச்சு, கடல் பொருள் எல்லாம் செதுக்கியிருக்காங்க. எனக்கு அங்க நின்னப்ப தோணினது வேற. 1554ல இதே லிஸ்பன்லதான் தமிழ் வார்த்தைகள ரோமன் எழுத்துல போட்டு ஒரு ஜெபப் புத்தகம் அச்சாச்சு, தமிழ் அச்சேறின கதை அங்கேருந்து ஆரம்பிக்குது. அத அம்மாகிட்ட சொன்னப்ப அம்மா "அப்ப யாரோ ஒரு தமிழ் ஆளு இங்க வந்து உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கணும்ல"ன்னாங்க. எனக்கு அது அப்படியே மனசுல நின்னுடுச்சு.

இந்த வார்த்தை விஷயம் டிரிப் முழுக்க எங்க கூடவே வந்துச்சு. மொத நாள் ரூம்காரம்மா சாவிய நீட்டி "ஷாவ்"னு சொன்னப்ப அம்மா என்ன திரும்பி பாத்தாங்க. அப்புறம் தேட ஆரம்பிச்சிட்டோம். ஜனெலா ஜன்னல், மேசா மேசை, அர்மாரியோ அலமாரி, தொவால்யா துவாலை, கோப்போ கோப்பை, பொத்தாவ் பொத்தான். போர்ட்டோல ஆத்தோரம் வைன் அடைச்சு வைக்கிற பீப்பாய காட்டி கைடு "பீப்பா"ன்னாரு, அம்மா சத்தமாவே "பீப்பாய்"னு சொல்லிட்டாங்க, அந்த ஆளுக்கு ஒரே ஆச்சரியம், எப்படி தெரியும்னு கேட்டாரு. இங்கிலீஷ் அவ்வளவா வராத அம்மாவுக்கு ஒரு வெளிநாட்டுல பாஷை தெரிஞ்ச மாதிரி ஒரு தைரியம் வந்ததே இதனாலதான். நன்றி சொல்ல பொம்பளைங்க "ஒப்ரிகாடா", ஆம்பளைங்க "ஒப்ரிகாடோ", அம்மா டிராம் டிரைவர்ல இருந்து லிஃப்ட்ல கூட வந்தவங்க வரைக்கும் ஒருத்தர விடல.

ஒரு கசப்பான அனுபவமும் சொல்லணும். அல்ஃபாமால ஒரு ஃபாடோ ரெஸ்டாரன்ட், ஃபாடோன்னா இந்த ஊரு சோகப்பாட்டு, கடை பேரு வேணாம். பாட்டு அருமை, அதுல ஒரு குறையும் இல்ல. லைட்ட குறைச்சிடுவாங்க, பரிமாறுறவங்க கூட அப்படியே நின்னுடுவாங்க, யாரும் பேசக்கூடாது, பன்னெண்டு தந்தி போர்ச்சுகீஸ் கிடாரும் சாதா கிடாரும் மட்டும்தான், மைக் கெடையாது, பாடுற அம்மா கண்ண மூடிட்டு தலைய பின்னால சாச்சு பாடுறாங்க, ரெண்டு அடி தள்ளி நாம உக்காந்திருக்கோம். பில் வந்தப்பதான் பிரச்சனை. நாங்க உக்காந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ், ஹாம்னு தட்டு தட்டா கேக்காமயே கொண்டு வந்து வச்சாங்க, கூவெர்ட்னு பேரு, ரொட்டிய மட்டும்தான் தொட்டோம், பில்லுல எல்லாத்துக்கும் காசு, 42 யூரோ வர வேண்டிய எடத்துல 61. கேட்டதுக்கு டேபிள்ல வச்சாச்சே, குடுத்துதான் ஆகணும்னு சொன்னாங்க. அந்த நாட்டு சட்டப்படி நாம கேக்காதத, தொடாதத பில்லுல போடக்கூடாது. அங்க எல்லா கடைலயும் புகார் புத்தகம் வச்சிருக்கணும்னும் சட்டம் இருக்கு, லிவ்ரோ த ரெக்லமசோயிஷ்னு பேரு, வாசல் பக்கம் போர்டே தொங்கும், நாம எழுதினா அது அரசாங்க அதிகாரிங்களுக்கு போயிடும். நான் சத்தம் போடல, அந்த புத்தகத்த குடுங்கன்னு மட்டும் கேட்டேன். ரெண்டு நிமிஷத்துல புது பில் வந்துடுச்சு. அந்த மூணு வார்த்தைய மனப்பாடம் பண்ணிக்கோங்க, முடிஞ்சா உக்காந்த உடனே வேண்டாத தட்ட எடுத்துட்டு போக சொல்லிடுங்க.

லிஸ்பன் பக்கத்துல அரண்மனைங்க இருக்குற ஊரு சிந்த்ரா, அங்க நான் தப்பு பண்ணிட்டேன், அத மறைக்க மாட்டேன். ரொசியோ ஸ்டேஷன்ல இருந்து 40 நிமிஷ டிரெயின், வாசலே குதிரை லாடம் மாதிரி ரெண்டு வளைவு, அழகான ஸ்டேஷன். எல்லாரும் போற பெனா அரண்மனைக்கு மதியம் 12 மணி ஸ்லாட் புக் பண்ணிட்டேன். டிக்கெட்ல போட்டிருக்குற நேரம் அரண்மனை கதவுக்கு, பார்க் கேட்டுக்கு இல்ல, கேட்டுல இருந்து அரண்மனைக்கு செங்குத்து மேடு, உள்ள வண்டி இருக்கு, தனி காசு, அதுக்கும் தனி வரிசை. கலர் கலரா மஞ்சளும் சிவப்புமா மலை உச்சில நிக்கிற அந்த அரண்மனைய ரெண்டாம் ஃபெர்னாண்டோ ராஜா 19ம் நூற்றாண்டுல ஒரு பழைய மடத்து இடிபாட்டு மேல கட்டினாரு, பாக்க வேண்டியதுதான், இல்லங்கல, ஆனா மதியக் கூட்டத்துல அறை அறையா வரிசைல நகந்துட்டே போகணும், உக்கார எடம் இல்ல, அம்மா முகம் வெளிறிப் போச்சு, பாதிலயே வெளில வந்துட்டோம். வயசானவங்க கூட போறீங்கன்னா மொத ஸ்லாட்டுக்கு போங்க, இல்ல விட்டுடுங்க.

ஆனா அன்னிக்கு சாயங்காலம்தான் சிந்த்ரா எங்களுக்கு கிடைச்சுது. ஊருக்கு நடுவுலயே இருக்கு தேசிய அரண்மனை, ஸ்டேஷன்ல இருந்து பெருசா மேடு இல்லாம நடந்தே போகலாம், வெள்ளையா ரெண்டு பெரிய கூம்பு மேல நீட்டிட்டு இருக்கும், 33 மீட்டர் உயரம், அது ரெண்டும் சமையக்கட்டு புகைபோக்கி. கூட்டமே இல்ல. கூரைல அன்னப்பறவையா வரைஞ்ச ஒரு ஹால், இன்னொரு ரூம் கூரை முழுக்க 136 மேக்பை பறவை, சுவரெல்லாம் பழைய கால டைல்ஸ். கடைசியா சமையக்கட்டுக்குள்ள போனா அந்த கூம்புக்கு நேர் கீழ நிக்கிறோம், அண்ணாந்து பாத்தா சுவரு அப்படியே சுருங்கி சுருங்கி மேல போய் ஒரு பொட்டு வெளிச்சம். நாப்பது வருஷமா அடுப்படில நின்னவங்க எங்க அம்மா, அங்க ரொம்ப நேரம் பேசாம நின்னாங்க. அப்புறம் "இத்தன பேருக்கு சமைச்ச பொம்பளைங்க பேரு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா பாரு"ன்னாங்க. தேடினேன், என் கண்ணுக்கு படல. கேபோ ட ரோக்காங்கிற கடலோர பாறைமுனை, கெணறு மாதிரி கீழ எறங்குற ரெகலெய்ரா தோட்டம் ரெண்டும் நாங்க விட்டுட்டோம், அந்த கெணறு 27 மீட்டர் ஆழம், முழுக்க சுத்துப்படி, அம்மா முழங்காலுக்கு நெனச்சு கூட பாக்க முடியாது. கடற்கரை நாங்க போகல, மே மாசத்துல அட்லான்டிக் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்.

லிஸ்பன்ல டைல்ஸ் மியூசியம் திறந்திருந்தா கண்டிப்பா போங்க, 1509ல லியோனோர் ராணி ஆரம்பிச்ச கான்வென்ட் கட்டடம், பூகம்பத்துக்கு முன்னாடி லிஸ்பன் எப்படி இருந்துச்சுன்னு 23 மீட்டர் நீளத்துக்கு நீல டைல்ஸ்லயே வரைஞ்சு வச்சிருக்காங்க. சந்தைல பழைய டைல்ஸ் விப்பாங்க, வாங்காதீங்க, வீட்டு சுவத்துல இருந்து திருடி பேத்தது நெறைய அங்க வருது. புதுசா கையால வரையிற கடைங்க இருக்கு, அங்க வாங்குங்க.

லிஸ்பன்ல இருந்து போர்ட்டோ டிரெயின்ல மூணு மணி நேரம் அளவுல. ஒரு நல்ல விஷயம், 65 வயசுக்கு மேல யாரா இருந்தாலும், எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும், சிபிங்கிற அந்த நாட்டு அரசு ரயில்ல பாதி டிக்கெட்தான், பாஸ்போர்ட்ட காட்டினா போதும். போர்ட்டோவும் மேடுதான், ஆனா சின்ன ஊரு. சாவ் பென்டோ ஸ்டேஷன் ஹால்ல 20,000 டைல்ஸ், ஜோர்ஜ் கொலாசோ வரைஞ்சது, ராஜா ஊர்வலம், யுத்தம், 1415 சியூட்டா படையெடுப்பு எல்லாம், காசே குடுக்காம டிரெயின் ஏற வந்த மாதிரி உள்ள போய் பாக்கலாம். 1886ல கட்டின இரும்பு பாலத்துல மேல்தட்டுல மெட்ரோவும் ஜனங்களும் பக்கத்து பக்கத்துல போறாங்க, மேல்தட்டுலயே அக்கரைக்கு நடந்துட்டு, அங்கேருந்து கேபிள் கார்ல ஆத்தோரத்துக்கு எறங்கிடுங்க, ஒரு படி கூட கெடையாது. மந்திரப்பள்ளிக்கூடம் மாதிரி இருக்குன்னு எல்லாரும் போற புத்தகக்கடை, உள்ள போகவே டிக்கெட், வெளில வரிசைய பாத்துட்டு திரும்பிட்டோம், வருத்தம் இல்ல.

இப்ப டோரு ஆத்தோரமா போற ரயிலுக்கு வரேன். மத்த எதையும் பண்ணலன்னாலும் இத பண்ணுங்க. போர்ட்டோல இருந்து பின்யாவ்ங்கிற சின்ன ஊருக்கு ரெண்டரை மணி நேரம், ஒரு வழி 12 யூரோ அளவுல, அம்மாவுக்கு அதுல பாதி. படகுல கூட்டிட்டு போய் சாப்பாடு போட்டு நூறு யூரோ வாங்குற டூரெல்லாம் இருக்கு, எனக்கு இதுதான் ஒசத்தி. போறப்ப கண்டிப்பா வலது பக்கம் உக்காருங்க. மொத ஒரு மணி நேரம் ஒண்ணும் இருக்காது, வீடு, தோட்டம், ஃபேக்டரி, இதுக்கா வந்தோம்னு தோணும். அப்புறம் ஒரு வளைவுல திடீர்னு ஆறு வந்து ஜன்னலுக்கு கீழயே ஒட்டிக்கும், அதுக்கப்புறம் விடாது. ரெண்டு கரைலயும் மலைய அடி அடியா வெட்டி கல்லுச்சுவரு வச்சு திராட்சைக் கொடி, கீழ தண்ணில இருந்து உச்சி வரைக்கும் படிக்கட்டு மாதிரி. 1756லயே பொம்பால் இந்த பகுதிக்கு எல்லை போட்டு, இந்த எல்லைக்குள்ள விளைஞ்சாதான் போர்ட் வைன்னு சட்டம் கொண்டு வந்திருக்காரு, லிஸ்பன கட்டின அதே ஆளு. எங்களுக்கு கிடைச்சது ஜன்னல் கீழ இறக்குற பழைய பெட்டி, அம்மா கைய வெளில வைக்காம முகத்த மட்டும் காத்துக்கு குடுத்துட்டு வந்தாங்க, ரெகுவா ஸ்டேஷன் தாண்டினதும் எதிர் சீட்டுல ஒரு உள்ளூர் பாட்டி ஏறினாங்க, பைல இருந்து ஆரஞ்ச எடுத்து உரிச்சு பாதிய அம்மா கைல வச்சாங்க, அம்மா "ஒப்ரிகாடா"ன்னாங்க, அதுக்கப்புறம் அந்த பாட்டி போர்ச்சுகீஸ்லயும் எங்க அம்மா தமிழ்லயும் இருபது நிமிஷம் பேசினாங்க. முழங்கால தடவி காட்டினத பாத்தா ரெண்டு பேரும் ஒரே விஷயம்தான் பேசியிருக்கணும்.

பின்யாவ் ஸ்டேஷனே ஒரு மியூசியம் மாதிரி, வெளிச்சுவத்துல 24 டைல்ஸ் படம், திராட்சை பறிக்கிறது, கூடைல சுமக்குறது, படகுல பீப்பாய் ஏத்துறது. ஸ்டேஷன்ல இருந்து ஆத்தோரம் கொஞ்சம் எறங்கினா சமதரை, பெஞ்ச் இருக்கு, கடை இருக்கு. நாங்க எந்த தோட்டத்துக்கும் போகல, ரெண்டு மணி நேரம் அந்த பெஞ்ச்லயே உக்காந்திருந்தோம், டொராடா கிடைச்சுது, ஆறு நகருறதே தெரியாம நகந்துச்சு. டிரெயின் ஒரு நாளைக்கு கொஞ்சம்தான், திரும்பி வர்ற நேரத்த மொதல்லயே எழுதி வச்சுக்கோங்க, வெயில் காலத்துல இங்க போர்ட்டோவ விட ரொம்ப சூடு, ஏப்ரல் மே இல்லன்னா செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம், அப்ப போங்க. திரும்புறப்ப ஆறு இடது பக்கம் வரும்.